தாம்பூலப் பையில் நானூறு கோப்புகள்

என் நாத்தனார் வெள்ளையம்மாளின் பேத்தி கனிஷ்காவுக்குப் போன ஆவணியில் மன்னார்புரத்து மண்டபம் ஒன்றில் காது குத்தினார்கள். எனக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. மூலத்தோப்பில் இருக்கும் என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு டவுன் பஸ் தூரம்தான். முப்பத்தொரு வருஷம் ஸ்ரீரங்கத்தில் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். உள்ளூர்ப் பத்திரிகை தபாலில் வந்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். மகனைப் பறிகொடுத்து ஆறு மாதமாகியிருந்தது. காது குத்துகிற இடத்தில் நான் நிற்பதும் அவர்களுக்கு வேண்டாம். கூப்பிடவில்லை என்ற பேரும் வேண்டாம். நான் போகவில்லை.

என் மகன் பூவரசனுக்கு இருபத்துநாலு வயது. பிறவியிலேயே மூளைவாதம். கை, கால், கழுத்து எதுவும் சொன்னபடி கேட்காது, விழுங்குவது கஷ்டம். மாசியில் கஞ்சி புரையேறி, நுரையீரலில் இறங்கி, காய்ச்சலாகி, ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அவன் அப்பா காத்தமுத்து அதற்குப் பத்து வருஷம் முன்பே போயிருந்தார். கஞ்சி ஊட்டியது நான்.

எங்கள் ஊரில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள், திதி, காதுகுத்து என்று எதுவானாலும் ஏதாவது ஓர் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு சொல்லிவிடுவார்கள். முன்பெல்லாம் சாப்பாடு கொடுத்தவர்கள் நேரில் போய்ப் பரிமாறுவார்கள். குழந்தைகளுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வந்து கை கழுவுவார்கள். போக நேரமில்லாத புண்ணியவான்கள் பெருகியதும், எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் கைப்பிடி சிறப்புப் பராமரிப்பு மையம் ஓர் அட்டை கண்டுபிடித்தது. 'கனிஷ்காவின் காதணி விழாவை முன்னிட்டு இன்று எங்கள் சிறப்புக் குழந்தைகள் பசியாறினார்கள். நீங்கள் பசியாற்றிய முகங்களைக் காணுங்கள்' என்று எழுதி, கீழே ஒரு கியூஆர் கட்டம். மண்டபத்தை விட்டுக் கிளம்பியவர்களுக்குக் கொடுத்த தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கு, தேங்காயோடு அந்த அட்டையும் இருந்தது.

பூவரசன் பதினோரு வருஷம் போன மையம் அதுதான்.

அதன் நிறுவனர் நவநீதன் முன்பு இன்சூரன்ஸில் இருந்தவர். செத்தால் என்ன கிடைக்கும் என்று உயிரோடிருப்பவர்களுக்குச் சொல்லியே பிழைத்தவர். ஓய்வுக்குப் பிறகு சேவைக்கு வந்தார். அவர் அறைச் சுவரில் பொன்னாடை போர்த்திக்கொண்ட படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். ஒரு படத்தில்கூட அவர் கேமராவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை; சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைதான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மண்டபத்து வாசலிலேயே யாரோ கட்டத்துக்கு நேரே போனைப் பிடித்திருக்கிறார்கள். பசியாறிய முகங்கள் வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயரும் ஒரு கோப்பு. உள்ளே ஊனச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், மருத்துவக் குறிப்புகள். பயிற்சிக்காக எடுத்த வீடியோக்கள், குளிப்பாட்டுவது உட்பட. பெற்றவர்கள் ஆலோசகரிடம் மூடிய கதவுக்குள் சொன்னதெல்லாம். படித்த கூட்டம். பார்த்ததும் போனை அணைத்துப் பையில் போட்டிருக்கலாம். தெரிந்த பேர் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளையம்மாள் அண்ணி வந்தார். கூடவே அவர் மகன் ஜெயக்குமார், கனிஷ்காவின் அப்பா. மலைக்கோட்டைக்குக் கீழே மொத்த ஜவுளிக்கடை வைத்திருப்பவன். துணியை விரிப்பது போலப் போனையும் தாம்பூலப் பையில் வந்த அட்டையையும் மேஜைமேல் வைத்தான்.

"வாங்க அண்ணி. உக்காருங்க."

"உக்கார வரல வள்ளி. ஒண்ணு கேக்க வந்தேன். நீ ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு."

ஜெயக்குமார் படித்தான். செய்தி வாசிப்பவர்கள் குரல் அவனுக்கு நன்றாக வந்தது. "பக்கம் பதினொண்ணு. 'மகன் இறந்துவிட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்வதாகத் தாய் கூறுகிறார். ஒருநாள் மகனை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மூன்று மணி நேரம் அம்மா மண்டபத்தில் உட்கார்ந்திருந்ததாகவும் கூறுகிறார். தாய்க்குத் தொடர்ந்து ஆலோசனை தேவை.'"

அம்மா மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் காவிரிப் படித்துறை.

"அன்னிக்கிக் கஞ்சி ஊட்டினது நீதானே?" என்றார் அண்ணி.

"இருபத்துநாலு வருஷமும் நான்தான் ஊட்டினேன். நீங்க ஒரே ஒரு நாள் வந்து ஊட்டியிருந்தா, அன்னிக்கி யாருன்னு கேக்கலாம் அண்ணி."

"அத்தை, நாங்க ஒண்ணும் சொல்லல. ஊருல பேசிக்கிறாங்க," என்றான் ஜெயக்குமார்.

"ஊருக்கு யாருப்பா அனுப்பினது?"

"நான் ஃபேமிலி குரூப்ல மட்டும்தான் போட்டேன்."

"அதுல எத்தன பேரு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூத்திப் பதினாலு," என்றான்.

அவர்கள் போகும்போது அந்த அட்டை என் மேஜையிலேயே தங்கிவிட்டது. ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லவில்லை. சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் சொன்னதுதான் அது. நாலு வருஷத்துக்கு முன்பு, மையத்தின் ஆலோசகராக இருந்த அறிவுமதியிடம் சொன்னேன். இருபத்தேழு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கதவைச் சாத்தி, மின்விசிறியின் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டு, வியர்த்துக்கொண்டே கேட்டாள். எழுதத் தொடங்கியபோது, "இதையெல்லாம் எழுதணுமாம்மா?" என்றேன். "எழுதாம அடுத்த வாட்டி எங்கேருந்து ஆரம்பிக்கறது அக்கா? என்னையும் டாக்டரையும் தவிர யாரும் பாக்க மாட்டாங்க," என்றாள். அவளை நான் நம்பினேன். நம்பியதில் இன்னமும் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு முன்னால் அவன் போய்விட வேண்டும் என்றுதான் எல்லாப் பெற்றவர்களும் சாமியிடம் கேட்பார்கள். மையத்து வராந்தாவில் காத்திருக்கும் அம்மாக்களில் அதைச் சொல்லாதவள் ஒருத்தியும் கிடையாது. சமையல் எண்ணெய் எங்கே மலிவு என்று சொல்வது போலச் சொல்வார்கள். முதலில் நானும் அப்படித்தான் கேட்டேன். பிறகு அந்த 'எனக்கு முன்னால்' தேவைப்படாத நாட்களும் வந்தன. அதையும்தான் அறிவுமதியிடம் சொன்னேன்.

மறுநாள் எடமலைப்பட்டி புதூருக்குப் போனேன். நவநீதன் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் கும்பிடுவதில் குறை சொல்லவே முடியாது.

"பெரிய மனசு பண்ணணும்மா. சின்ன டெக்னிக்கல் மிஸ்டேக். துபாய்லேருந்து ஒரு டோனர் திட்டிட்டாரு, போட்டோவத் தொறந்தா பர்மிஷன் கேக்குதுன்னு. டோனரைக் காக்க வைக்கலாமா? அதான் எல்லாத்தையும் தொறந்துவிடச் சொன்னேன்."

"எல்லாத்தையும்னா, எங்க கோப்பையுமா சார்?"

"போட்டோ எல்லாம் அதே பெரிய ஃபோல்டருக்குள்ளதான் இருந்துச்சு. யாரும்மா அவ்வளவு தூரம் உள்ள போய்ப் பாப்பாங்கன்னு நெனச்சோம்?"

"இப்ப மூடிட்டீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார். "ரெண்டாயிரம் அட்டை அடிச்சாச்சும்மா. லிங்கை மூடினா அத்தனையும் குப்பை. கார்த்திகை வரைக்கும் புக்கிங் இருக்கு. ஏதாவது வழி பாக்கறோம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நம்ம பூவரசன் தெய்வமாயிட்டான். அவனுக்கு இதனால ஒரு கெடுதியும் இல்லையே? இறந்தவங்களுக்கு பிரைவசி கிடையாதாம். விசாரிச்சுட்டேன்," என்றார்.

மகன் செத்துப்போனவள் முன்னால் உட்கார்ந்திருக்க, அவன் செத்தது தனக்கு எவ்வளவு வசதி என்று விசாரித்து வைத்திருந்தார்.

மற்றவர்களின் கடிதங்கள் என் கையில் கிடந்த வருஷங்களில் ஒரு கார்டைக்கூட நான் வாசித்ததில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். கார்டு திறந்தே இருக்கும், கண் ஓடிவிடும். கல்யாணம் நின்றது, கடன்காரன் வந்தது, மருமகள் திரும்பிப் போனது எல்லாம் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் கவுன்ட்டருக்கு வந்து நின்றால் ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்தேன்; அவ்வளவுதான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஓர் ஆள் செய்யக்கூடிய மிகச் சின்னக் காரியம் அது. அதுகூட இவர்களால் முடியவில்லை.

தினமும் காலையில் காபி போடுவதற்கு முன் அட்டையை எடுத்துப் போனைப் பிடித்துப் பார்ப்பேன். திறக்கும். என் மகன் பெயர் வரும். அஞ்சாம் நாள் வாட்ஸப்பில் நவநீதனுக்கு எழுதினேன், இன்னும் திறந்திருக்கிறது என்று. 'அட்டைகள் தீரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா' என்று பதில் வந்தது, கூப்பிய கைப் பொம்மையோடு. நான் போய்க் கேட்ட நாளிலிருந்து பத்தொன்பது நாள் அது திறந்திருந்தது. இருபதாம் நாள் மூடினார்கள். மனசாட்சி உறுத்தியதால் இல்லை. ஒரு நன்கொடையாளரின் பேரன் கோப்பும் உள்ளே இருப்பதை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

பெற்றோர் கூட்டம் போட்டார்கள். எனக்கு அழைப்பில்லை, நானாகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். கேசரி கொடுத்தார்கள். பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள். 'தகவல் கசிவினால் எங்களுக்கு எவ்விதப் பாதிப்பும் ஏற்படவில்லை என உளமார உறுதி கூறுகிறோம்.' கேசரி தின்ற கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவள் இக்ராவின் அம்மா. இக்ராவுக்குப் பத்தொன்பது வயது. அவள் குளிக்கும் வீடியோ அந்த ஃபோல்டரில் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"என்னை அப்படிப் பாக்காதீங்க அக்கா. இவ திங்கக்கிழமை இங்க வரலைன்னா நான் வேலைக்குப் போக முடியாது. நீங்க போடுங்க கேஸு. உங்களுக்குத்தான் இனிமே இவங்ககிட்ட ஆகவேண்டியது ஒண்ணுமில்லையே?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடித்துக்கொள்ளத் தேவையே இல்லை. அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். கையெழுத்துப் போட்ட குடும்பங்களுக்கெல்லாம் அங்கே பிள்ளை இருந்தது. என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள நவநீதனிடம் எதுவும் மிச்சமில்லை.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு என்று கோர்ட்டு வளாகத்தில் சொன்னார்கள். வழக்கறிஞர் மெஹ்ரீனிடம் அனுப்பினார்கள். பாலக்கரையில் மாடியில் ஆபீஸ். நாற்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். நான் சொன்னதை நடுவில் பேசாமல் கேட்டார்.

"வழி நாலஞ்சு இருக்கும்மா. எல்லாமே ஏதோ ஒரு எடத்துல குறுகிப் போற வழிதான். ஒளிக்காம சொல்லிடறேன். சைபர் கிரைம்ல புகார் கொடுக்கலாம். அவங்க, யாரு கெட்ட எண்ணத்தோட செஞ்சாங்கன்னு தேடுவாங்க. இங்க கெட்ட எண்ணம் இல்ல."

"கேவலமான எண்ணம் மேடம்."

"அதுக்கு செக்‌ஷன் இல்லம்மா, இருந்தா நான் பங்களா கட்டியிருப்பேன். மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட மனு போடலாம், மையத்தைக் கூப்பிட்டு விளக்கம் கேப்பாங்க. அதையும் போடுவோம். டேட்டாவுக்குன்னே புதுச் சட்டம் வந்திருக்கு. ஆனா முழுசா அமலுக்கு வர நாளாகும், வந்தாலும் அபராதம் அரசாங்கத்துக்குத்தான் போகும். நமக்கு ஆகறது பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டம், நாப்பத்து மூணு ஏ பிரிவு. ஒருத்தரோட உடம்பு, மனசு சம்பந்தமான தகவலை வச்சிருக்கவங்க அதைப் பாதுகாப்பா வைக்காம விட்டு, அதனால பாதிப்பு வந்தா இழப்பீடு. சென்னையில ஐ.டி. துறைச் செயலாளர்தான் விசாரிப்பாரு. ஆனா டிரஸ்ட்டுக்காரங்க, நாங்க சேவை பண்றோம், தொழில் பண்ணலம்பாங்க. பிசியோவுக்கு ஃபீஸ் கட்டினீங்களா?"

"பதினோரு வருஷ ரசீதும் இருக்கு."

"போஸ்ட் ஆபீஸ்காரங்க கேஸுன்னாலே தனி சுகம்மா." வாட்ஸப் பதிலைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "தெரிஞ்சும் மூடலன்னு அவரே எழுதிக் கொடுத்திருக்காரு. கும்பிடு வேற."

பிறகு மெல்லச் சொன்னார்: "பூவரசன் பேருல கேட்டா, அவரே இல்ல, பாதிப்பு யாருக்குன்னு ஆரம்பிப்பாங்க. இழுத்துக்கிட்டே போகலாம். ஆனா பதினோராம் பக்கம் அவரைப் பத்தினது இல்லம்மா. அது உங்க மனசு. நீங்க உயிரோட இருக்கீங்க. அதுல இருக்கறது நீங்க சொன்னதா?"

நான் போனை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"இப்பவே சொல்ல வேணாம். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க. அது உங்க வார்த்தைன்னா நமக்குக் கேஸ் இருக்கு. உங்க வார்த்தை இல்லைன்னா உங்களுக்கு நல்ல பேர் இருக்கு. ரெண்டும் சேந்து கிடைக்காது."

முதல் நோட்டீஸைப் பதினோராம் பக்கத்தைத் தொடாமலே அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் மையத்தின் வழக்கறிஞர் அழகிரியிடமிருந்து சமாதானக் கடிதம் ஒன்று வரைவாக வந்தது. அதைப் போலச் சாமர்த்தியமான கடிதத்தை நான் கவுன்ட்டரில்கூடக் கண்டதில்லை. பதினோராம் பக்கத்தில் இருப்பது ஆனந்தவள்ளி அம்மாள் சொன்னதே அல்ல. பயிற்சிக்காகக் கற்பனையாக எழுதிய மாதிரிக் குறிப்பை, முன்னாள் ஊழியர் அறிவுமதி கவனக்குறைவாக அந்தக் கோப்பில் சேர்த்துவிட்டார். ஆகவே அம்மாளின் தனிப்பட்ட தகவல் எதுவும் கசியவில்லை. அம்மாள் முன்மாதிரித் தாய். மையத்தின் ஆண்டு விழாவில் அவருக்குத் 'தியாகத் தாய்' விருதும் பொன்னாடையும் அளிக்கப்படும். கீழே நான் கையெழுத்துப் போட இடம்.

சிரித்துவிட்டேன். பிறகு அதை மேஜையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அவர்களைவிட உசத்தி என்று காட்டிக்கொள்ள விரும்பவில்லை. அந்தக் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது. மூலத்தோப்பில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிற பெண்கள் பேச்சை நிறுத்தாமல் இருப்பார்கள். காய்கறிக்காரி கண்ணைப் பார்த்து மிச்சம் கொடுப்பாள். பிள்ளையைக் கொன்றவளோ என்று ஒருத்தரும் நினைக்க மாட்டார்கள். ஒரு கையெழுத்து. தியாகத் தாய் விருதைச் சகித்துக்கொண்டால் போதும்.

அண்ணி மறுபடி வந்தார், இந்தத் தடவை ஆப்பிளோடு. உட்காரவும் செய்தார்.

"நவநீதன் சார் ஜெயக்குமாருக்கு போன் பண்ணினாரு. எல்லாம் பொய்யாமே? பயிற்சிக்கு எழுதினதாமே? எனக்கு அப்பவே தெரியும் வள்ளி. என் தம்பி பொண்டாட்டி அப்படிச் சொல்றவளா?"

"அப்பவே தெரியுமா அண்ணி?"

"பழசை விடு. சட்டுனு கையெழுத்துப் போட்டுடு. கேஸு கீஸுன்னு போனா, குரூப்ல போட்டவன்னு ஜெயக்குமாரையும் இழுப்பாங்களாமே? கடைக்குப் போலீஸு வந்தா நல்லாவா இருக்கும்? அவனும் பொண்ணு வச்சிருக்கான்."

என் பெயர் சுத்தமாக வேண்டும் என்ற கவலையில் ஆப்பிள் வரவில்லை. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு போன். அறிவுமதி. மையத்தை விட்டு இரண்டு வருஷமாகி, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆலோசகராக இருக்கிறாளாம். அவளுக்கும் கையெழுத்துப் போட ஒரு தாள் போயிருந்தது.

"அக்கா, நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. நான் அன்னிக்கித் தப்பா எழுதிட்டேனா? வேற யாரோ சொன்னத உங்க கோப்புல எழுதிட்டேனா? எனக்கு அப்படி ஞாபகம் இல்ல. ஆனா எல்லாரும் சொல்றாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு."

அவள் சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையாகவே கேட்டாள். "அப்புறம் பேசறேம்மா," என்று வைத்துவிட்டேன். அந்தக் கதையில் மிகக் கேவலமாக நடந்துகொண்ட ஆள் யார் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், நவநீதன் பெயரை நான் இரண்டாவதாகத்தான் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மெஹ்ரீன் ஆபீசில் கூடினோம். நவநீதன் பழத்தட்டோடு வந்தார். அழகிரி கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்; சுலபமாக முடியப்போகிற வேலைக்கு வந்தவர் போல இருந்தது. கடிதத்தை என் பக்கம் நகர்த்தி, பேனா மூடியைத் திறந்து மேலே வைத்தார்.

"பதினோராம் பக்கத்தை ஒரு தடவை படிக்கச் சொல்லுங்க," என்றேன்.

"எதுக்கும்மா அந்த அசிங்கத்தை?" என்றார் நவநீதன்.

மெஹ்ரீனே படித்தார். மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். அவர் வாயிலிருந்து கேட்டபோது அது அவ்வளவு நீளமில்லை என்று தெரிந்தது. மூன்றே வரிகள்.

"இது நான் சொன்னது," என்றேன்.

நவநீதன் என்னை விட்டுவிட்டு அழகிரியைப் பார்த்தார். அழகிரி முன்னால் சாய்ந்தார். "மேடம், யோசிச்சுப் பேசுங்க. இதை நீங்களே ஒத்துக்கிட்டா உங்களுக்குத்தான் சங்கடம்."

"ஒத்துக்க இதென்ன திருட்டா? நான் சொன்னதை நான் சொன்னேங்கறேன். உங்ககிட்ட சொல்லல. சார்கிட்டயும் சொல்லல. அந்தப் பொண்ணுகிட்ட, கதவைச் சாத்திட்டுச் சொன்னேன். அவ ஒரு எழுத்து தப்பா எழுதல."

"அம்மா, நம்ம பிள்ளைங்க எண்பத்தாறு பேரு சாப்பாடும்மா," என்றார் நவநீதன். குரல் உடைந்தது. உடைய வேண்டிய இடங்களில் அது எப்போதும் உடையும். "மையத்து மேல கேஸுன்னா டோனர் ஓடிடுவான். உங்களால அந்தக் குழந்தைங்க பட்டினி கிடக்கணுமா?"

"பிள்ளைங்களைக் காட்டிச் சாப்பாடு வாங்கினீங்க. இப்ப அதே பிள்ளைங்களைக் காட்டி என்கிட்ட கையெழுத்து வாங்கப் பாக்கறீங்க. வேற எதைக் காட்டவாவது உங்களுக்குத் தெரியுமா சார்?"

அழகிரி பேனாவை மூடிக்கொண்டார். "அப்ப கேஸ் நடக்கட்டும். உங்களை நாங்க குறுக்கு விசாரணை பண்ணுவோம் மேடம். பிள்ளையைப் பூட்டிப் போட்டீங்களா, மூணு மணி நேரம் ஆத்தங்கரையில என்ன பண்ணீங்கன்னு எல்லாம் கேப்போம். பதிவாகும். ஜென்மத்துக்கும் இருக்கும்."

"கேளுங்க. ஆனா மூணு மணி நேரம் இல்ல."

"இதுல மூணுன்னுதானே இருக்கு?"

"மூணே முக்கால். அந்தப் பொண்ணு மனசு கேக்காம குறைச்சு எழுதியிருக்கா."

அழகிரி எழுந்தார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். நவநீதன் பழத்தட்டை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். மெஹ்ரீன் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொன்னார். மாடிப்படியில் இரண்டு பேரும் யார் யாரைத் திட்டிக்கொண்டு இறங்குகிறார்கள் என்று கேட்க எனக்கு ஆவல் இருந்தது. சரியாகக் கேட்கவில்லை.

அங்கிருந்தே அறிவுமதிக்கு போன் செய்தேன். "நீ சரியாத்தான் எழுதியிருக்க. கையெழுத்துப் போடாத," என்றேன். "சரிக்கா," என்றாள்.

மெஹ்ரீன் சென்னைக்கு அனுப்ப வேண்டிய மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் அப்போதே தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். எனக்குத் திருத்தம் இருந்தால் சொல்லலாம். கசிந்த நாள், கேட்ட நாள், மூடாத பத்தொன்பது நாள். பதினோராம் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"அந்த முக்கால் மணி நேரத்தையும் சேக்கணுமாம்மா? கட்டாயமில்ல."

"சேருங்க."

அடித்தார். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார். "திரும்பி வந்து கதவைத் தொறந்தப்ப அவரு எப்படி இருந்தாரும்மா? அதைச் சொன்னா நமக்கு உதவும்."

அதை அறிவுமதியிடமும் நான் சொன்னதில்லை.

"அது மனுவுக்கு வேண்டாம்," என்றேன்.

சரி என்று அடுத்த வரிக்குப் போனார்.